அனிர்பானைப் பற்றி நீ கேட்ட ரிப்போர்ட்

பாப்பா,

இந்தக் கவரை உன் கைப்பையில் பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு பிரி. டம்டம் ஏர்போர்ட்டிலேயே பிரித்தால் உடனே எனக்குப் போன் செய்வாய், நான் ஏதாவது உளறிவிடுவேன். தமிழில்தான் எழுதியிருக்கிறேன். வாட்ஸாப்பில் ஆங்கிலத்தில் அனுப்பினால் ஒரே மூச்சில் படித்துவிட்டு ஒரு மஞ்சள் பொம்மையைத் திருப்பி அனுப்புவாய். தமிழ் என்றால் எழுத்துக்கூட்டி, உதட்டை அசைத்து அசைத்துப் படிப்பாய். ஒரு வருடமாக நான் வாயைத் திறக்காமல் இழுத்தடித்த விஷயத்தை நீ கொஞ்சம் மெதுவாகப் படித்தால் தவறில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பிடும்போது நீ தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "அப்பா, அனிர்பானப் பத்தி எனக்கு ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுங்க. நான் ஆபீஸ்ல எழுதுற மாதிரியே. கடைசியில ஆமாவா, இல்லையான்னு இருக்கணும். 'பாக்கலாம்'னு மட்டும் போடாதீங்க." உன் அம்மா தோசைத் திருப்பியைக் கையில் பிடித்தபடி சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். நான் விடாமல், "இல்லன்னு எழுதினா?" என்று கேட்டேன். "அப்பவும் கல்யாணம் பண்ணிக்குவேன்பா. நீங்களும் வருவீங்க. ஆனா மனசில்லாம ஒரு ஓரத்துல உக்காந்திருப்பீங்க. அத நான் காலம் பூரா நெனச்சுக்கிட்டே இருக்கணும்." இதைச் சொல்லிவிட்டு நீ சட்னி கேட்டாய்.

ரிப்போர்ட் எழுதுவது எப்படி என்று உன்னிடம்தான் கற்றுக்கொண்டேன், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் நான் தடுமாறுவதில்லை. இங்கே சால்ட் லேக், செக்டர் ஃபைவில் ஒரு கம்பெனி. கனடாவிலும் அமெரிக்காவிலும் ஐஸ் ஹாக்கி ஆடுகிற பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்களின் ஆட்டத்தை வீடியோவில் பார்த்து, எவன் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று எழுதிக் கொடுக்கிறாய். வருடத்துக்கு ஒரு முறை, ஜூன் மாதக் கடைசியில், அங்கே பெரிய டீம்கள் எல்லாம் முறை வைத்து ஆளுக்கு ஒருவனாக அந்தப் பையன்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்கின்றன. அதற்கு டிராஃப்ட் என்று பெயர். அதில் ஒரு டீம், நீ இங்கிருந்து எழுதுவதையும் படிக்கிறது. கீழ்வீட்டு முகர்ஜி பாபு இதைக் கேட்டுவிட்டு, நம் ஊரில் ஐஸ் மீன் பெட்டியில்தானே கிடக்கும் என்று சிரித்தார். ஆரம்பத்தில் நானும் அவரோடு சேர்ந்து சிரித்தவன்தான்.

அவர்களுக்குச் சாயங்கால ஆட்டம் என்றால் நமக்கு விடியற்காலை. ரிடையர் ஆன பிறகும் என் கண் அந்த நேரத்துக்குத் தானாகத் திறந்துகொள்ளும். உனக்கும் எனக்குமாகக் காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து உன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். சும்மா உட்காரவும் வரவில்லை. "பாரு, விழுந்துட்டான்." "பாரு, விட்டுட்டான்." "இவன் தேறமாட்டான், எழுதிக்கோ." வேலையில் இருந்த காலம் முழுக்க ஃபவுண்டரியில் வார்ப்புகளைச் சோதித்துக்கொண்டிருந்தவன் நான். காற்றுக் குமிழி இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா, இருந்தால் சிவப்புப் பெயின்ட் அடித்து ஓரமாகத் தள்ளு. நல்ல வார்ப்பைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதியதில்லை, யாரும் கேட்டதுமில்லை. குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கியவன் வீட்டுக்கு வந்தாலும் அதைத்தான் செய்வான் என்பதற்கு உன் அம்மா சாட்சி.

ஒரு நாள் நீ ஆட்டத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாய். "அப்பா, நீங்க பக்க மட்டும் பாக்குறீங்க." பக் என்பது அந்தக் கறுப்பு ரப்பர் வில்லை, அதுதான் அவர்களுக்குப் பந்து. ஆட்டம் பூராவும் சேர்த்துப் பார்த்தாலும் ஒருவனிடம் அது கொஞ்ச நேரம்தான் இருக்கும். மற்ற நேரமெல்லாம் அவன் அது இல்லாமல்தான் ஆடுகிறான். அப்போது சோம்பி நிற்கிறானா, மற்றவனுக்கு வழி செய்து கொடுக்கிறானா, தப்புச் செய்துவிட்டால் மட்டையை ஓங்கித் தரையில் அடிக்கிறானா, திரும்பி ஓடி வந்து தன் பக்கத்தைக் காக்கிறானா, இதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றாய். கம்பெனி கொடுக்கிற வீடியோவில் அந்தப் பையன் பக்கைத் தொட்ட இடங்களை மட்டும் வெட்டி ஒட்டியிருப்பார்கள். வேலை சீக்கிரம் முடியும். உனக்குச் சந்தேகம் வந்தால் மட்டும் முழு ஆட்டத்தையும் போட்டுப் பார்ப்பாய். உனக்கு அடிக்கடி சந்தேகம் வரும்.

உன் அம்மா 'சின்னவன்' என்று பெயர் வைத்தாளே, அந்தப் பையனை நீ மறந்திருக்கமாட்டாய். மற்றவர்கள் தோளளவுதான் இருப்பான். யார் இடித்தாலும் விழுவான். நான் முதல் நாளே அவனுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டேன். நீ அவன் பிறந்த தேதியைக் காட்டினாய். செப்டம்பர் நடுவில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள், அதற்கு முன்னால் பிறந்தவன் இந்த வருடத்து டிராஃப்டில், பின்னால் பிறந்தவன் அடுத்த வருடத்தில். சின்னவன் அந்தக் கோட்டுக்குச் சில நாள் முன்னால் பிறந்துவிட்டான். அவனை இடித்துத் தள்ளுகிறவர்களில் பல பேர் கிட்டத்தட்ட ஒரு வருடம் மூத்தவர்கள். "இவன் இன்னும் வளந்து முடியலப்பா. கண்ணப் பாருங்க. பக் வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு தோளுக்கு மேலயும் திரும்பிப் பாத்துட்டுத்தான் வாங்குறான்." உன் பட்டியலில் நீ அவனை மற்ற எல்லாரும் போட்டதைவிட வெகு மேலே போட்டாய். உன் மேலதிகாரி யோசிக்கச் சொன்னார். நானும் என் பங்குக்கு, "எல்லாரும் போடுற எடத்துலயே போடேன். தப்பாப் போனா எல்லாருக்கும் சேத்துத்தானே தப்பு?" என்றேன். "அப்ப என் ரிப்போர்ட்ட எதுக்குப்பா படிக்கணும்?" என்று கேட்டாய். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

டிராஃப்டின் இரண்டாம் நாள், நாம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காருகிற நேரத்தில், உன் டீமின் முறை வந்தது. சின்னவன் இன்னும் இருந்தான். அவர்கள் வேறொருவனை எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு டீம் அவனைக் கொத்திக்கொண்டு போனது. நீ அழுவாய் என்று நினைத்து நானும் உன் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நீ ரசத்தை ஊற்றிக்கொண்டு, "நான் சொன்னது சரியா தப்பான்னு தெரிய இன்னும் அஞ்சாறு வருஷம் ஆகும்பா" என்றாய். "அந்தப் புள்ளைக்கு எங்கயோ எடம் கெடச்சுதே, போதும்" என்றாள் அம்மா. அன்றைக்குத்தான் உன்னைப் பற்றி எனக்கு நிம்மதி வந்தது. முடிவு தெரியாமலே ஒரு சொல் சொல்லிவிட்டு, அதற்கு நான்தான் பொறுப்பு என்று சோறு சாப்பிட முடிகிறவளைப் பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

இப்போது அனிர்பானுக்கு வருகிறேன். அவன் நம் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் நான் பார்த்தது வெட்டி ஒட்டின வீடியோதான். சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு வருவான், காலைத் தொடக் குனிவான், நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான். அப்போதும் நான் குறை கண்டுபிடித்தேன். சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. உன் அம்மா போட்ட ஃபில்டர் காபியை மருந்து குடிப்பது மாதிரிக் குடித்தான். பவானிபூர் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவன், வைகை எங்கே இருக்கிறது என்றால் திருதிருவென்று விழித்தான். என்னோடு வேலை பார்த்தவரின் பெங்களூர் மருமகனோடு அவனை மனதுக்குள் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பிறகு எனக்கு வலுவான ஒரு காரணம் கிடைத்தது. அவன் உன்னைவிட எட்டு மாதம் சின்னவன். பெண் மூத்தவளாக இருந்தால் நம் ஊரில் வாயில் போட்டு மெல்லுவார்கள் என்று உன் அம்மாவிடம் பெரிய குரலில் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "ஏங்க, அந்த வருஷத்தக் கூட்டிப் போட்டது யாரு?" என்றாள். உண்மைதான். நீ பிறந்தது திருச்சியில், உன் பாட்டி வீட்டில். பிறப்பைப் பதிவு செய்தது வெகுநாள் கழித்து. அதற்குள் இங்கே தெரிந்தவர் ஒருவர் நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கித் தருவதாகச் சொன்னார், உனக்கு வயது பத்தவில்லை. ஒரு வருடத்தைக் கூட்டிச் சொல்லிவிட்டேன். நம் ஆட்களில் அதைச் செய்யாதவர் யார்? வீட்டில் ஒரு பிறந்தநாள், சர்ட்டிபிகேட்டில் ஒரு பிறந்தநாள் என்று வைத்துக்கொண்டுதான் பாதிப் பேர் வேலைக்கே போனோம். கணக்குப் பார்த்தால் அனிர்பான்தான் உன்னைவிட நாலு மாதம் மூத்தவன்.

அம்மா அதோடு சமையலறைக்குப் போய்விட்டாள். நான்தான் உட்கார்ந்து யோசித்தேன். அந்த வகுப்பில் இருந்த அத்தனை பேரும் உன்னைவிட மூத்தவர்கள். ஓட்டப்பந்தயத்தில் நீ கடைசியாக வருவாய், கையெழுத்து கோணும், டீச்சர் கூப்பிட்டுச் சொன்னால் நானும் தலையை ஆட்டி, இவள் கொஞ்சம் மந்தம் என்று வீட்டிலும் வெளியிலும் சொன்னேன். கோட்டை நகர்த்தியவன் நான், மார்க் குறைந்ததற்குத் திட்டு வாங்கியவள் நீ. கனடாவில் எவனோ ஒருவனுக்கு அவன் பிறந்த மாதத்தைப் பார்த்துப் பரிந்து பேசியவள், எனக்கு எதிராக ஒரு நாளும் பேசியதில்லை. எனக்கு வருத்தமாக இருக்கிறது, பாப்பா. இதை நேரில் சொல்லியிருக்க வேண்டும், வரவில்லை.

அதற்குப் பிறகுதான் முழு ஆட்டத்தையும் பார்க்கலாம் என்று தோன்றியது. துர்கா பூஜை அஷ்டமி அன்று அவர்கள் தெருவில் போக் பிரசாதம் சாப்பிட வரச் சொல்லியிருந்தானே, நீ ஆபீஸ் வேலை என்று பிறகு வருவதாகச் சொன்னாய், நான் மட்டும் முதலில் போனேன். அவனிடம் சொல்லிக்கொள்ளாமல் பந்தலில் மூங்கிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். கிச்சடி பரிமாறுகிற பொறுப்பு அவனுடையது. எத்தனை பேர் வருவார்கள் என்று சமையல்காரரிடம் சொன்னவனும் அவன்தான். கணக்குத் தப்பிவிட்டது. வரிசையில் இன்னும் நிறையப் பேர் இருக்கும்போதே அண்டா காலி. வெயிலில் நின்ற பெரியவர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். அனிர்பான் அந்தச் சூட்டில் நேராகப் போய், அப்பா வயதிருக்கும் சமையல்காரர் ஹாருதாவைப் பார்த்து எல்லார் முன்னாலும் கத்தினான். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? விரிசல் கிடைத்துவிட்டது. பெயின்ட் டப்பாவைத் திறக்க வேண்டியதுதான் என்று எழுந்தேன்.

எழுந்தவனை மனதுக்குள் கேட்ட உன் குரல் உட்கார வைத்தது. "தப்புக்கு அப்புறம் என்ன பண்றான்னு பாருங்கப்பா." உட்கார்ந்தேன். அவன் ஒரு ஓரமாகப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டான். வரிசையில் நின்ற பெரியவர்களை நிழலுக்கு அழைத்து வந்து உட்கார வைத்தான். பிறகு அடுப்புப் பக்கம் போய் ஹாருதாவுக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து உருளைக்கிழங்கைத் தோல் சீவ ஆரம்பித்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் சுற்றி இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஆமார் புல், ஹாருதா" என்றான். என் தப்பு, அவ்வளவுதான் சொன்னான். கையைப் பிடிக்கவில்லை, கண்ணைக் கசக்கவில்லை. கிழவர் பெரிய கத்தியை அவன் பக்கம் தள்ளிவிட்டார், உன் கையில் இருப்பது சின்னக் கத்தி, அது ஆகாது என்கிற மாதிரி. இரண்டாவது அண்டா இறங்கியபோது நான் வரிசையில் கடைசியில் போய் நின்றேன். இலையை நீட்டியதும்தான் என்னைப் பார்த்தான். என்னைச் சித்தப்பா முறை வைத்து, "காகு! எப்ப வந்தீங்க?" என்று வங்காளத்தில் கேட்டான். இப்போதுதான் என்று பொய் சொன்னேன். நீ வந்தபோது அவன் வியர்வையும் மஞ்சளுமாக நின்றான், நீ அவனைக் கேலி செய்தாய், இரண்டு பேரும் சிரித்தீர்கள். இதை இதுவரை உன்னிடம் நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றும் எழுதிவிடுகிறேன். எனக்குப் பயம். அவனைப் பார்த்து இல்லை. உன் அம்மாவும் நானும் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டால் உள்ளே தமிழ்தான். நீ இப்போதே பாதி வாக்கியம் தமிழில் ஆரம்பித்து வங்காளத்தில் முடிக்கிறாய். நாளைக்கு உன் பிள்ளைகள் எங்களோடு எந்த மொழியில் சண்டை போடும்? எனக்கு வங்காளத்தில் கடைக்காரரிடம் பேரம் பேசத் தெரியும், ஒரு பேரப்பிள்ளையைக் கொஞ்சத் தெரியாது. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, காபி குடிக்கத் தெரியவில்லை, வைகை தெரியவில்லை என்று அந்தப் பையன் தலையில் கட்டினேன். இந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் அது என்னுடைய ரிப்போர்ட்டில் வர வேண்டியது, அவனுடையதில் இல்லை.

ஆகவே, அவனுடையது இதோ. கோபம் சட்டென்று வருகிறது, திரும்பி வருவதும் அதே வேகத்தில்தான். தனக்கு வேலை இல்லாத நேரத்தில் மற்றவர்களைக் கவனிக்கிறான். உன் வேலையைப் பற்றி என்னைவிட நல்ல கேள்விகள் கேட்கிறான், நீ பதில் சொல்லும்போது குறுக்கே பேசுவதில்லை. குறை என்றால் ஒன்று இருக்கிறது, அதைப் பூசி மெழுக மாட்டேன். அவன் அம்மாவிடம் அவனுக்கு 'இல்லை' என்று சொல்லத் தெரியவில்லை. பவானிபூரில் அந்தப் பழைய வீட்டு மாடியில்தான் நீங்கள் இருக்க வேண்டும் என்று அந்த அம்மா ஏற்கெனவே திரைச்சீலை தைக்கக் கொடுத்துவிட்டார்களாம். உன் விடியற்காலை ஆட்டங்களுக்கு அங்கே எந்த அறை, எந்த மேசை என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நீ வேலைக்காக வருடத்தில் இரண்டு முறை வெளிநாடு போவதை அவர்களிடம் அவன் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை என்று அவனே என்னிடம் ஒப்புக்கொண்டான். இதைக் கல்யாணத்துக்கு முன்னால் பேசு. அவனையே பேச வை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பார்த்துக்கொள்கிறவள் நீயாகத்தான் இருப்பாய். என் வீட்டில் அப்படித்தான் நடந்தது, உன் அம்மாவைக் கேள்.

நேற்றுச் சாயங்காலம் நீ கனடாக் குளிருக்குக் காலுறை வாங்கப் போயிருந்தபோது திருச்சிக்குப் போன் செய்தேன், என் அண்ணனுக்கு. பேசும்போதெல்லாம் பாப்பாவுக்கு ஏதாவது அமைந்ததா என்று உன் பெரியப்பா கேட்பதும், நான் மழுப்புவதும் வழக்கமாகிவிட்டது. இந்த முறை அவர் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன்.

"அண்ணே, பாப்பாவுக்குக் கல்யாணம் முடிவாயிருக்கு."

"அப்படியா! பையன் நம்ம பக்கமா?"

"இல்லண்ணே. பெங்காலி. பேரு அனிர்பான். பள்ளிக்கூடத்துல வாத்தியார்."

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் அதன் சத்தத்தைக் குறைத்தார். "அவளாப் பாத்துக்கிட்டதா?"

"ஆமாண்ணே."

"அவ இருக்கட்டும். நீ என்னடா சொல்ற? ஒனக்குப் பையனப் புடிச்சிருக்கா?"

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. உன் அம்மா ஈரக்கையோடு வந்து என் எதிரில் நின்றாள். இந்தக் கேள்வியை ஒரு வருடமாக அவளும் கேட்கவில்லை, நீயும் நேராகக் கேட்கவில்லை.

"புடிச்சிருக்குண்ணே. ரொம்பவே புடிச்சிருக்கு" என்றேன்.

"அப்பத் தேதியச் சொல்லு. அங்க ரொம்பக் குளிருமா?" என்று கேட்டார் அண்ணன்.

மார்கழி போகட்டும். அவர்களுக்கும் அது பௌஷ மாதம், கல்யாணம் வைக்கமாட்டார்களாம். நீ திரும்பி வந்ததும் தையில் ஒரு நாளை நீங்கள் இரண்டு பேரும் பார்த்துச் சொல்லுங்கள். பெரியப்பா குடும்பத்தோடு வருகிறார், ரயிலில் இடம் கிடைப்பது கஷ்டம். சீக்கிரம் சொன்னால் நானே புக் செய்துவிடுவேன்.

அப்பா